காலை மாத்திரைக்கு முன்னால்

மாற்றுச் சிறுநீரகம் பெற்று, மருந்தளவுப் பரிசோதனைக்காகப் பட்டுக்கோட்டையில் விடியற்காலை பஸ் ஏறும் அன்பர்களுக்கு நாம் சொல்வது ஒன்றே: காலை மாத்திரையை விழுங்காமல் கையோடு கொண்டு செல்லுங்கள்.

நம் தேசத்தில் இச்சிகிச்சை 1971-இல் வேலூரில் முதன்முதலாக வெற்றி கண்டது. பிறர் தந்த உறுப்பைத் தேகம் பகைக்காமலிருக்க இன்று பெரிதும் கொடுக்கப்படுவது டாக்ரோலிமஸ். 1984-இல் ஜப்பான் தேசத்து மண்ணில் அகப்பட்ட நுண்ணுயிர் தந்த மருந்து. அது குறைந்தால் தேகமே சிறுநீரகத்தைத் தாக்கும். மிகுந்தாலோ மருந்தே அதைக் கெடுக்கும். வேண்டியது ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் ஏறக்குறைய 5 முதல் 15 நானோகிராம். நானோகிராமாவது, கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு! மாஸ் ஸ்பெக்ட்ராமீட்டர் என்னும் யந்திரம் அதையும் நிறுத்துச் சொல்லிவிடும். ஆனால் மாத்திரை உண்டதும் அளவு ஏறிவிடுமாதலால், முன்வேளை மருந்துக்கு 12 மணி நேரம் கழித்து, அடுத்த வேளைக்கு முன் எடுத்த ரத்தமே மெய் சொல்லும். ரத்தம் கொடுத்தபின் மாத்திரையை மறக்கலாகாது.