கேட்காமல் விட்ட கேள்விகள்

'தமிழ்' என்ற சொல்லின் நீளம் எவ்வளவு என்று பைத்தானிடம் கேட்டால் 5 என்று சொல்லும். நாம் எண்ணினால் மூன்றே எழுத்து. பைத்தான் எண்ணுவது யூனிகோட் குறியெண்களை: த, ம, இகரக் குறி, ழ, மேலே வைத்த புள்ளி. ஆக ஐந்து. எது சரி என்று நாம் வாதாடலாம். ஆனால் அடுத்த பதிப்பில் திடீரென்று வேறு எண் வந்தால், இந்த ஐந்தை நம்பி எழுதிய நிரல்கள் எல்லாம் தடுமாறிவிடும். பைத்தானின் உள்ளே யாரோ ஒருவர் எங்கோ ஒரு வரியைத் திருத்துகிறார். அதனால் இதுபோன்ற பழைய வாக்குகள் எதுவும் முறியவில்லை என்று யார் பார்த்துச் சொல்வது?

அதற்காகவே பைத்தானின் மூலநிரலுக்குள் 'டெஸ்ட்' என்ற ஃபோல்டர் இருக்கிறது. அதில் 400-க்கும் மேற்பட்ட சோதனைத் தொகுதிகள். அவற்றை ஓட்ட பெரிய நிறுவனத்தின் கணினிக்கூடம் தேவையில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் படித்த நம் ஊர் மாணவர் தன் லேப்டாப்பிலேயே பைத்தானைக் கட்டி எழுப்பி, அது சரியாக நிற்கிறதா என்று பார்த்துவிடலாம். படித்த மொழியின் அடிவயிற்றைத் தொட்டுப் பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

கைடோ வான் ராஸம் பைத்தானை முதன்முதலில் வெளியிட்டது 1991 பிப்ரவரியில். பழைய காலத்துச் சோதனைகள் எளிமையானவை: நிரல் அச்சிடும் வரிகளை, முன்பே சேமித்து வைத்த விடைக் கோப்போடு ஒப்பிடுவார்கள், ஒரு வரி மாறினாலும் தோல்வி. பிறகு வந்த முறைக்குப் பின்னால் ஒரு விமானப் பயணம் இருக்கிறது. 1997-இல் சூரிச்சிலிருந்து அட்லாண்டாவுக்குப் பறந்த நிரலாளர்கள் கென்ட் பெக், எரிக் காமா இருவரும் வழியிலேயே ஜாவாவுக்காக 'ஜேயூனிட்' என்ற சோதனைக் கருவியை எழுதத் தொடங்கினார்கள். அதே வார்ப்பில் ஸ்டீவ் பர்செல் பைத்தானுக்கு ஒன்று செய்தார். 2001-இல் அது 'யூனிட்டெஸ்ட்' என்ற பெயரில் பைத்தானுக்குள்ளேயே இடம்பிடித்தது.

இனி பைத்தானைக் கட்டும் வேலைக்கு வருவோம். லினக்ஸில் இரண்டே கட்டளை. 'கன்ஃபிகர்' உங்கள் கணினியில் என்னென்ன இருக்கிறது என்று துழாவிப் பார்க்கும். 'மேக்' சி மொழி மூலநிரலைக் கம்பைல் செய்து 'பைத்தான்' என்ற இயங்கு கோப்பை அதே ஃபோல்டரில் வைக்கும். அடுத்து சோதனையை ஓட்டும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். வெறுமனே பைத்தான் என்று தட்டினால், கணினியில் முன்பே நிறுவப்பட்டிருக்கும் வேறொரு பைத்தான் எழுந்து வந்துவிடும். புதிதாகக் கட்டியதைக் கூப்பிட, பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும் ஒரு சாய்கோடும் வேண்டும்: 'இங்கே, இந்த ஃபோல்டரில் உள்ளது' என்று பொருள். அந்த இரண்டு குறிகளை மறந்தால், ஒருவரின் ரத்தத்தை எடுத்துவிட்டு இன்னொருவரின் பெயரில் பரிசோதனை அறிக்கை எழுதிய கதைதான். ஆப்பிளின் மேக் கணினியில் இன்னொரு விசித்திரம். அங்கே கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேற்றுமை பொதுவாகப் பார்க்கப்படுவதில்லை. மூலநிரலில் ஏற்கெனவே 'பைத்தான்' என்றொரு ஃபோல்டர் இருப்பதால், கட்டிய கோப்புக்கு விண்டோஸ் பாணியில் 'பைத்தான் டாட் இஎக்ஸ்இ' என்று பெயர் வைத்துவிடுகிறார்கள்.

நானூறு தொகுதிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினால் நேரம் இழுக்கும். சோதனையை ஓட்டும் கட்டளையில் ஜே என்ற எழுத்தோடு பூஜ்யத்தைச் சேர்த்துக் கொடுத்தால், புராசஸரின் திறனுக்கு ஏற்றபடி பல தொகுதிகள் ஒரே நேரத்தில் தனித்தனியாக ஓடும். இதில் வேகத்தைத் தவிர இன்னொரு லாபமும் உண்டு. ஒரு சோதனை பைத்தானையே கவிழ்த்துவிட்டாலும் மற்றவை பாதிக்கப்படாது.

எல்லாம் முடிந்து திரையின் கடைசியில் 'சக்சஸ்' என்று வரும். பலரும் அத்தோடு டெர்மினலை மூடிவிடுகிறார்கள். நான் சொல்ல வருவது அதற்குச் சற்று மேலே இருக்கும் வரியைப் பற்றி. 'ஸ்கிப்ட்', அதாவது ஓட்டாமல் விடப்பட்ட சோதனைகளின் பட்டியல். விடப்பட்டது என்றால் தேறியது என்று பொருள் இல்லை. அந்தக் கேள்வி கேட்கப்படவே இல்லை என்றுதான் பொருள்.

ஓர் உதாரணம். இணையத்தில் பாதுகாப்பான இணைப்புக்கு ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற லைப்ரரி வேண்டும். அதன் டெவலப்மென்ட் கோப்புகள் உங்கள் லினக்ஸில் இல்லையென்றாலும் 'மேக்' நின்றுவிடாது. 'இந்தந்த மாட்யூல்களைக் கட்ட முடியவில்லை' என்று ஒரு குறிப்பைப் போட்டுவிட்டு வேலையை முடித்துவிடும். அப்புறம் எஸ்எஸ்எல் சோதனை வரும்போது, மாட்யூலே இல்லையே என்று அதைத் தாண்டிப் போய்விடும். கடைசி வரி சக்சஸ்தான். ஆனால் இந்தப் பைத்தானால் எச்டிடிபிஎஸ் முகவரி எதையும் திறக்க முடியாது. 'பிப்' கொண்டு இணையத்திலிருந்து ஒரு பேக்கேஜைக்கூட நிறுவ முடியாது.

இன்னொரு வகையான விடுதல், வேண்டுமென்றே செய்வது. வெளி இணையத்தைத் தொடும் சோதனைகள், திரையில் ஜன்னல் திறப்பவை, ஒலி எழுப்புபவை, வட்டில் 2 ஜிபிக்கும் மேல் கோப்பு எழுதிப் பார்ப்பவை ஆகியவற்றை வீட்டுக்காரரின் அனுமதி இல்லாமல் பைத்தான் ஓட்டுவதில்லை. யு என்ற எழுத்தோடு 'ஆல்' சேர்த்துக் கொடுத்தால் இவை அனைத்துக்கும் அனுமதி. வேண்டியதை மட்டும் பெயர் சொல்லியும் தரலாம். நம் லேப்டாப்பின் இடத்தையும் டேட்டாவையும் கேட்டுவிட்டுத் தொடுகிற இந்த நாகரிகம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

சோதனைகளிலேயே அழகானது நினைவகக் கசிவைப் பிடிப்பது. கல்யாணத்துக்குப் பாத்திரம் வாடகைக்கு விடும் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். எத்தனை கரண்டி வெளியே போனது, எத்தனை திரும்பியது என்று கடைக்காரர் நோட்டில் குறிப்பார். பைத்தானும் தன்னிடமுள்ள ஒவ்வொரு பொருளையும் எத்தனை பேர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எண்ணி வைக்கிறது. எண்ணிக்கை பூஜ்யமானால் அந்த இடம் விடுவிக்கப்படும். சி மொழியில் எழுதும் நிரலாளர் ஓரிடத்தில் எண்ணிக்கையைக் குறைக்க மறந்தால், அந்தப் பொருள் நிரல் முடியும்வரை நினைவகத்தில் தங்கிவிடும். ஒருமுறை ஓடி முடியும் நிரலில் இது தெரியவே தெரியாது. மாதக்கணக்கில் நிற்காமல் ஓடும் சர்வரில் மெல்ல மெல்ல நினைவகத்தைத் தின்றுவிடும்.

இதைக் கண்டுபிடிக்க, கன்ஃபிகர் செய்யும்போதே 'பைடீபக்' என்ற விருப்பத்தைச் சேர்த்துக் கட்ட வேண்டும். அப்படிக் கட்டிய பைத்தான் மெதுவானது. ஆனால் மொத்தக் கணக்கையும் ஒரே எண்ணாகச் சொல்லும். பிறகு பெரிய ஆர் எழுத்தோடு 3:3 என்று கொடுத்தால், ஒரே சோதனை ஆறு முறை ஓடும். முதல் மூன்று ஓட்டம் கணக்கில் சேராது. புதிதாகத் திறந்த கடையில் முதல் சில கல்யாணங்களுக்குச் சாமான் வாங்கிப் போடுவதைப் போல, முதல் ஓட்டங்களில் பைத்தான் சில பொருள்களைப் பிற்பாடு உதவுமென்று எடுத்து வைத்துக்கொள்ளும். அது கசிவு ஆகாது. அடுத்த மூன்றில்தான் கண் வைக்கிறார்கள். கணக்கு ஒவ்வொரு முறையும் ஒன்று கூடி, 1, 1, 1 என்று வந்தால் சந்தேகமே இல்லை: கல்யாணத்துக்கு ஒரு கரண்டி தொலைகிறது. எந்தக் கல்யாணத்தில், யார் கையில் என்று தேடவும் உடனிருக்கும் கருவி ஒன்று உண்டு. அது சோதனைகளைப் பாதிப் பாதியாகக் கழித்துக்கொண்டே போய்க் குற்றவாளியை நெருங்கும்.

வரிசையும் கவனிக்க வேண்டியது. ஒரு சோதனை ஏதோ ஓர் அமைப்பை மாற்றிவிட்டுத் திருப்பி வைக்க மறந்தால், அடுத்து வருவது காரணமில்லாமல் விழும். தினமும் ஒரே வரிசையில் ஓட்டினால் இது வெளியே வராது. அதனால் வரிசையைக் கலைத்து ஓட்டுகிறார்கள். கலைத்த முறையைக் குறிக்கும் 'ரேண்டம் சீட்' எண்ணையும் திரையில் காட்டுகிறார்கள். தோல்வி வந்தால் அதே எண்ணைக் கொடுத்து அதே வரிசையை மறுபடி வரவழைக்கலாம். விழுந்தவற்றை மட்டும் மீண்டும் ஓட்டச் சொன்னால், இரண்டாம் முறை தேறினாலும் முடிவில் வெறும் 'சக்சஸ்' வராது. 'ஃபெயிலியர் தென் சக்சஸ்' என்றே வரும். முதலில் விழுந்ததை மறைக்காத அந்த நேர்மைதான் என்னை இந்தக் கருவியை நம்ப வைக்கிறது.

சோதனை தொடங்கும்போது திரையில் ஓடும் வரிகளில், வேலை நடக்கும் தற்காலிக ஃபோல்டரின் பெயரும் இருக்கும். அதன் கடைசி எழுத்தைப் பாருங்கள்: பெரும்பாலும், ஆங்கில ஏ-யும் இ-யும் ஒட்டிப் பிறந்த, டேனிஷ் மொழியில் வழங்கும் ஓர் எழுத்து. தட்டச்சுப் பிழை இல்லை, வேண்டுமென்றே வைத்தது. ஃபோல்டர் பெயர் ஆங்கில எழுத்துகளிலேயே இருக்கும் என்று எண்ணி எழுதிய நிரல் இங்கே சிக்கிக்கொள்ளட்டும் என்பதே நோக்கம். தன் ஃபோல்டருக்குத் தாய்மொழியில் பெயர் வைக்கும் ஒவ்வொருவருக்காகவும், நமக்காகவும், முன்கூட்டியே கேட்டு வைத்த கேள்வி அது.

நீங்கள் கட்டும்போது மூலநிரலைத் தமிழில் பெயரிட்ட ஃபோல்டரில் போட்டு ஓட்டிப் பாருங்கள். ஏதாவது விழுந்தால் பதற வேண்டாம். அந்த ஒரு தொகுதியை மட்டும் தனியாக, விரிவான வெளியீடு தரும் வி எழுத்தைச் சேர்த்து, மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் விழுந்தால், திரையில் வந்ததை, தொடக்கத்தில் உள்ள ஃபோல்டர் பெயரையும் சீட் எண்ணையும் விடாமல், அப்படியே நகலெடுத்துப் பைத்தான் குழுவுக்கு அனுப்புங்கள்.