கொடிவழி – 14: ரெட்டை யார் வீட்டுச் சொத்து?

ஆம்பூரில் இருக்கும் என் பெரியம்மா மகன் போன மாதம் இரட்டைக் குழந்தைகளுக்குத் தகப்பன் ஆனான். பையன் ஒன்று, பெண் ஒன்று. பேர் வைக்கிற அன்றைக்குப் போயிருந்தேன். வாசலில் பந்தல், உள்ளே பஞ்சாயத்து. "ரெட்டை எங்க வூட்டு வம்சம்" என்று பெரியம்மா ஒரு பக்கம். "எங்க சின்னம்மாவுக்கே ரெட்டை. அது எங்க பக்கத்துலேர்ந்து வந்தது" என்று சம்பந்தியம்மா மறுபக்கம். சம்பந்தியம்மா வேறு யாருமில்லை, என் மாமி. பெரியம்மாவின் தம்பிக்குப் பேர்ணாம்பட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். மாமன் மகளைத்தான் இவன் கட்டியிருக்கிறான். கட்டிலில் உட்கார்ந்திருந்த சின்ன ஆயா, அதாவது என் ஆயாவின் தங்கை, வயது 88, இருவரையும் கையமர்த்தினார். "ரெண்டுமில்ல. அவ ஒட்டு வாழைப்பழம் தின்னிருப்பா."

கொடிவழி எழுதுகிறவன் என்று என்னை நாலு பேர் நம்பிக்கொண்டிருப்பதால் தீர்ப்பு சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. இந்தத் தொடரில் 13 வாரமாகப் பாட்டன், பூட்டன், ஓட்டன் என்று ஏறிக்கொண்டே வந்திருக்கிறோம். பட்டா, பத்திரம், முதலெழுத்து, குலதெய்வம், எல்லாமே ஆண் வழியில் கட்டிய ஏணி. இரட்டையைத் தேடிப் போகிறவனுக்கு அந்த ஏணி சுவரில்லாத இடத்தில் சாத்தியது போல.

தம்பி ஷூ கம்பெனியில் கட்டிங்கில் வேலை செய்கிறான். ஒரு ஜோடி ஷூவுக்கு வேண்டிய மேல்தோல் துண்டுகளை ஒரே தோலில் பக்கத்துப் பக்கத்தில் வெட்ட வேண்டும் என்பது அங்கே பாலபாடம். இல்லாவிட்டால் வலது காலுக்கும் இடது காலுக்கும் நிறம் ஒத்துவராது. அவனுக்கு அதை வைத்தே சொன்னேன். ஒரே தோலில் வெட்டிய ஜோடி ஒரு வகை. வேறு வேறு தோலில் வெட்டி ஒரே பெட்டியில் போட்ட ஜோடி இன்னொரு வகை. முதலாவதில் ஒரே கரு இரண்டாகப் பிரிகிறது. இரண்டும் பையன், அல்லது இரண்டும் பெண். இரண்டாவதில் அந்த மாதம் தாயின் உடம்பில் இரண்டு சினைமுட்டைகள் வெளிவந்து இரண்டும் கருவாகின்றன. அவர்கள் கூடப்பிறந்தவர்கள்தான், ஒரே சமயத்தில் வயிற்றில் இருந்தார்கள் என்பதைத் தவிர விசேஷம் ஏதுமில்லை. "உன்னுது ரெண்டாவது வகை. ஒண்ணு பையன், ஒண்ணு பொண்ணு. சந்தேகத்துக்கே இடமில்ல" என்றேன்.

முதல் வகை எந்த நாட்டிலும் ஆயிரம் பிரசவத்துக்குச் சுமார் 4 என்ற கணக்கில் நடக்கிறது. பொதுவாக அது குடும்பத்தில் தொடர்வதில்லை. குடும்பத்தில் ஓடுவது இரண்டாவது வகை. நைஜீரியாவின் யொரூபா மக்களிடம் அது மிக அதிகம், ஜப்பானில் மிகக் குறைவு, இந்தியாவும் குறைந்த பக்கம்தான். இரண்டு முட்டைகளை வெளிவிடுவது பெண்ணின் உடம்பு. அதில் அவள் புருஷனுக்கோ, அவன் அப்பனுக்கோ, அவர்கள் தூக்கிப் பிடிக்கும் வம்சத்துக்கோ எந்தப் பங்கும் இல்லை.

"பெரிம்மா, மாப்பிள்ளை வூட்டுக்காரியா நீ கேஸ்ல தோத்துட்டே" என்றேன். பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்பீல் இருக்கிறது என்பது அவருக்கு அப்போது தெரியாது.

இந்த வழக்கை நமக்கு முன்பே ஒருவர் விசாரித்திருக்கிறார். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரத்து டாக்டர், வில்ஹெல்ம் வைன்பெர்க். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள் பார்த்தவர். அந்தப் பகுதியில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பதிவேடு எழுதி வைக்கும் வழக்கம் இருந்தது. அவற்றைப் புரட்டி இரட்டை பெற்ற தாய்களின் உறவுப் பெண்களை அவர் தேடினார். 1901-ல் அவர் சொன்ன கணக்கு இன்றைக்கும் பயன்படுகிறது. வேறு வேறு முட்டையில் வந்த இரட்டையரில் பாதிப் பேர் ஆணும் பெண்ணுமாக இருப்பார்கள். ஆகவே ஓர் ஊரில் 100 ஜோடி இரட்டையர் இருந்து, அதில் 30 ஜோடி ஆண்–பெண் என்றால், 60 ஜோடி இரண்டாம் வகை, மீதி 40 முதல் வகை. ரத்தப் பரிசோதனை, மரபணு எதுவும் இல்லாத காலத்தில் பதிவேட்டையும் பென்சிலையும் வைத்துக்கொண்டு போட்ட கணக்கு! 1908-ல் அவர் கண்டறிந்த இன்னொரு விதியை, ஹார்டி–வைன்பெர்க் விதி என்ற பெயரில், நம் பிள்ளைகள் பிளஸ் டூவில் மனப்பாடம் செய்கிறார்கள். அதற்கும் மூலம் இந்த இரட்டையர் ஆராய்ச்சிதான்.

நம் பக்கத்துக்கு வருவோம். முதலெழுத்துக்குள் ஊர் ஒளிந்திருப்பதைச் சென்ற வாரம் பார்த்தோம். ஏ. ராமசாமி முதலியார், ஏ. லட்சுமணசாமி முதலியார் இருவர் பெயரிலும் உள்ள 'ஏ' ஆற்காடு. 1887 அக்டோபர் 14 அன்று கர்நூலில் பிறந்த இரட்டையர். அண்ணன் ஐ.நா.வின் பொருளாதார, சமூக மன்றத்துக்கு முதல் தலைவர், பிறகு மைசூர் திவான். தம்பி சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக 27 வருஷம் இருந்தவர். அதற்கு முன் அவர் மகப்பேறு மருத்துவர். அவர் எழுதிய மகப்பேறு மருத்துவப் பாடநூலைப் பல தலைமுறை மாணவர்கள் படித்தார்கள். இரட்டையில் ஒருவராகப் பிறந்து, இரட்டைப் பிரசவம் பார்ப்பது எப்படி என்று ஊருக்கே பாடம் எழுதியவர்! ஆனால் இவர்களைப் பற்றிய குறிப்புகளை வைத்துக்கொண்டு நம் வேலை நடக்காது. அவற்றில் இருப்பது பதவிகள். நமக்கு வேண்டியது அவர்களுடைய அம்மாவின் அக்கா தங்கைகளுக்கு என்ன குழந்தைகள் பிறந்தன என்ற விவரம்.

அந்த மாதிரி விவரம் கட்டிலில் இருந்தது. சாப்பாடு ஆன பிறகு சின்ன ஆயாவிடம் போய் உட்கார்ந்தேன். என் ஆயா செத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

"எங்க ஆயாவுக்கு எத்தினி புள்ளைங்க?"

"அஞ்சு. உனக்குத் தெரியாதா?"

"நின்னது அஞ்சு. பெத்தது?"

"ஒம்போது."

"எத்தினி வாட்டி பெத்தாங்க?"

விரலை மடக்கினார். ஒரு பஞ்சம், ஒரு வெள்ளம், ஒரு கல்யாணம் என்று ஒவ்வொரு விரலுக்கும் ஓர் அடையாளம். எட்டில் நின்றது. ஒன்பது பிள்ளைக்கு எட்டுப் பிரசவம்! சின்ன ஆயா என்னைப் பார்த்தார். "ஒரு வாட்டி ரெண்டு வந்துச்சு. பொண்ணு ஒண்ணு, பையன் ஒண்ணு. பொண்ணு மூச்சே உடல. மருத்துவச்சி அன்னிக்கே துணில சுத்திக் குடுத்துட்டா." பிறகு வாசல் பக்கம் தலையை ஆட்டினார். "பையன் அதோ."

வாசலில் மாமா பந்தல்காரரிடம் கணக்கு முடித்துக்கொண்டிருந்தார். தோல் மண்டியில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவர். அறுபத்தேழு வயதில் தான் இரட்டையில் ஒருவர் என்று தெரிந்துகொண்டவர் என்ன சொல்வார் என்று பார்த்தேன். "எனக்கு யாரும் சொன்னதில்லியே" என்றார். கொஞ்சம் நின்றுவிட்டு, பந்தல்காரருக்கு மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தார்.

எத்தனை பிள்ளை என்று கேட்டால் நம் வீடுகளில் உயிரோடு நின்ற பிள்ளைகளின் எண்ணிக்கைதான் வரும். பெற்ற பிள்ளை எத்தனை, பெற்ற தடவை எத்தனை என்று இரண்டு கேள்வியாகப் பிரித்துக் கேட்க வேண்டும். இரண்டு எண்களும் வேறாக இருந்தால் அங்கே ஓர் இரட்டை இருக்கிறது. சின்ன ஆயாவும் போன பிறகு அந்தப் பெண் குழந்தைக்கு வேறு சாட்சி இல்லை. வீட்டில் பிறந்து, பேர் வைக்குமுன் போனது. 1899-ஆம் வருஷத்துச் சென்னை மாகாணச் சட்டப்படி கிராம முன்சீப் பிறப்பு இறப்பு எழுத வேண்டும் என்றிருந்தது. மூச்சு விடாத பெண் குழந்தைக்காக யார் முன்சீப்பைத் தேடிப் போனார்கள்?

பேரும் துப்புக் கொடுக்கும். இந்துக் குடும்பங்களில் ராமன்–லட்சுமணன், முஸ்லிம் குடும்பங்களில் ஹசன்–ஹுசைன். (இராமாயணத்தில் லட்சுமணனுக்கு இரட்டை சத்ருக்கனன். ஹசனும் ஹுசைனும் அடுத்தடுத்துப் பிறந்த அண்ணன் தம்பி. பேர் வைக்கிற அவசரத்தில் இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்.) கொடிவழியில் ஒரு லட்சுமணன் தனியாக நின்றால், ஒரு ராமன் இருந்து போனானா என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

இப்போது பெரியம்மாவின் அப்பீல். ஆயாவிடம் இருந்த தன்மை மாமாவுக்குப் போயிருக்கலாம். ஆண் என்பதால் அவரிடம் அது பேசாது, மாமியின் பிரசவங்களிலும் பேசாது. ஆனால் மகளுக்குக் கைமாறும். அந்த மகள்தான் இப்போது இரட்டை பெற்றவள். ஆக, பெரியம்மா சொன்னதில் நியாயம் இருக்கிறது, மாமியாராக இல்லை, அத்தையாக. பேர்ணாம்பட்டுச் சின்னம்மாவின் இரட்டையும் நிஜமென்றால் மாமியின் கட்சிக்கும் பலம் உண்டு.

சொந்தத்தில் கட்டும் வழக்கம் இந்தத் தேடலை இந்த மண்ணில் தனி விளையாட்டாக்கி விடுகிறது. வேலூர் சி.எம்.சி.யின் புள்ளியியல் துறையைச் சேர்ந்த சுந்தர ராவும் இன்பராஜும் பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான பெண்களிடம் கேட்டு 1977-ல் வெளியிட்ட ஆய்வில், கிராமங்களில் ஏறக்குறைய பாதிக் கல்யாணம் சொந்தத்துக்குள் நடந்தது. 1983-ல் அவர்கள் தமிழ்நாட்டின் இரட்டைப் பிறப்பு விகிதத்தைப் பற்றியே தனிக் கட்டுரை எழுதினார்கள். அக்கா மகளைக் கட்டினால் மாப்பிள்ளையின் அம்மாவே பெண்ணுக்குப் பாட்டி. கொடி நேராக ஏறாமல் சுற்றி வந்து அதே பந்தலில் படர்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் முஸ்லிம் குடும்பங்களில் கணக்கு வேறு. அங்கே அக்கா மகள் ஆகாது, ஆனால் அக்கா தங்கை பிள்ளைகள் கட்டிக்கொள்ளலாம். இந்துக் குடும்பங்களில் அவர்கள் அண்ணன் தங்கை. தோல் வியாபாரக் குடும்பம் ஒன்றில் அப்படிக் கட்டியிருந்தால், ஒரே நானியின், அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டியின், தன்மை பிறக்கும் பெண்ணுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் வர வாய்ப்பிருக்கிறது. அந்தக் குடும்பத்து நிக்காஹ் பதிவேட்டைப் பார்த்தால் மணமக்களின் தகப்பன் பேர் இருக்கும். தாய் பேர் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

மற்ற காகிதங்கள் பரவாயில்லை. 1969-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டத்தின் பிறப்பு அறிக்கைப் படிவத்தில், இரட்டை என்றால் குழந்தைக்கு ஒரு படிவம் எழுதி, குறிப்பு என்ற கட்டத்தில் 'இரட்டைப் பிறப்பு' என்று போட வேண்டும் என்றிருக்கிறது. கைக்கு வரும் சான்றிதழ்களில் அந்தச் சொல்லை நான் பார்த்ததில்லை. ஒரே தேதி, ஒரே தாய், அடுத்தடுத்த பதிவெண் என்று நாமே கோத்துக்கொள்ள வேண்டும். லுத்தரன் சபைக் குடும்பங்களுக்கு ஞானஸ்நானப் பதிவேடு உண்டு. ஷூ கம்பெனிப் பெண்களுக்கு இ.எஸ்.ஐ. குடும்ப விவரம் இருக்கிறது. அதில் ஒரே பிறந்த தேதியில் இரண்டு பேர் இருந்தால் வேறு சாட்சி வேண்டாம். பள்ளிச் சான்றிதழை மட்டும் நம்பாதீர்கள். ஜூன் மாதத்தில் இவ்வளவு பேர் பிறந்த நாடு உலகத்தில் வேறு இருக்காது.

எல்லாவற்றையும் ரத்தத்தின் தலையில் ஏற்றவும் கூடாது. 2016-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் தலைமையில் வந்த ஆராய்ச்சி, இரட்டைத் தாய்மாரிடம் அதிகம் காணப்படும் இரண்டு மரபணு மாற்றங்களைக் காட்டியது. ஒன்று முட்டையை வளர்க்கும் ஹார்மோனோடு சேர்ந்தது. ஆனால் ஒவ்வொன்றும் தருவது சின்னத் தள்ளல்தான். வயது தரும் தள்ளலும் உண்டு. முப்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு இரட்டை வாய்ப்பு உச்சத்தில் இருக்கும். தம்பி பெண்டாட்டிக்கு 36. இன்றைக்குக் கருத்தரிப்பு மையங்கள் வேறு இருக்கின்றன. உலகத்தில் ஆயிரம் பிரசவத்துக்கு 9 என்றிருந்த இரட்டை, முப்பது வருஷத்தில் 12 ஆனதற்கு அவையும் தாமதமான பேறும் முக்கியக் காரணம். சிகிச்சை எடுத்தார்களா என்று கேட்காமல் 1980-க்குப் பிறகு பிறந்த இரட்டையைக் கொடிவழியில் ஏற்றாதீர்கள். கேட்கும்போது தனியாகக் கேளுங்கள். கேரளத்தின் கொடிஞ்ஞி ஊரில் ஏன் அவ்வளவு இரட்டையர் என்று விஞ்ஞானிகள் எச்சில் மாதிரி வரைக்கும் எடுத்துப் போயும் விடை வரவில்லை. நம் வீட்டுப் பந்தலில் வந்துவிடுமா?

ஆகவே தீர்ப்பு: இரண்டு பாட்டிகளுக்கும் பங்கு இருக்கலாம், இரண்டு தாத்தாக்களின் வம்சப் பெருமைக்கும் இதில் கோர்ட் செலவுதான் மிச்சம். வாழைப்பழத்தின் மீதான வழக்கு தள்ளுபடி.

என் நோட்டில் அப்பா வழியில் ஏழு தலைமுறைப் பெயர்கள் இருக்கின்றன. அம்மாவின் அம்மாவுக்கு அம்மா பேர் சின்ன ஆயா சொல்லித்தான் அன்றைக்கு எழுதினேன். இந்த வாரம் உங்கள் வீட்டு மூத்த பெண்மணியிடம் அந்த இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். அவருடைய அக்கா தங்கைகளின் பெயர்களையும் கையோடு எழுதிக்கொள்ளுங்கள். போன் ரெக்கார்டரை நம்ப வேண்டாம், நோட்டில் எழுதுங்கள்.

(தொடரும்)