கரியும் சுண்ணாம்பும் மூன்று டப்பாக்களும்

லடாக்கின் சன்ஸ்கார் பள்ளத்தாக்கு கடல் மட்டத்திற்கு 3,500 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. அங்கு உழவுக்கு ஏற்ற காலம் மிகக் குறுகியது. ஆதலின் அவ்வூர் உழவர்கள் குளிர்காலம் தொடங்குமுன்பே உலர்ந்த மண்ணைச் சேமித்து வைத்து, இளவேனிலில் வயல்மீது கிடக்கும் வெண்பனியின்மேல் அதனைத் தூவுவது வழக்கம். மண் தூவிய பகுதியில் பனி விரைவில் உருகி, விதைப்புக்கு நிலம் முன்னதாகவே கிடைக்கின்றது. வெண்பனி தன்மீது விழும் சூரிய கிரணங்களில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். கருநிற மண்ணோ அவற்றை உறிஞ்சி வெப்பமாக மாற்றித் தனக்குக் கீழுள்ள பனிக்கு அளிக்கும்.

இதே உண்மையை அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் துணித்துண்டுகளைக் கொண்டு ஆராய்ந்தார். தையற்காரரின் மாதிரித் துணிகளில் பல நிறத் துண்டுகளை வெயில் காயும் காலைப்பொழுதில் பனிமீது பரப்பினார். சில மணி நேரத்தில் கறுப்புத் துண்டு மிக ஆழமாக அமிழ்ந்தது. கருநீலம் ஏறக்குறைய அதனை ஒட்டி நின்றது. வெள்ளைத் துண்டு அமிழவே இல்லை. 1761-இல் எழுதிய கடிதமொன்றில் அவர் இதனை விவரித்துள்ளார். பனி பெய்யாத ஊர்ப் பள்ளிகளில் பனிக்கட்டிப் பாளமொன்றின்மீது கறுப்பு, வெள்ளைத் துணிகளை இட்டு இதனைச் செய்து காட்டலாம்.

அளந்து அறிய வேண்டுமாயின் மூன்று தகர டப்பாக்கள் போதும். அவை ஒரே அளவினவாக இருத்தல் வேண்டும். ஒன்றிற்கு விளக்குப் புகைக்கரியைக் கஞ்சியில் குழைத்துப் பூசுக; மற்றொன்றிற்குச் சுண்ணாம்பு பூசுக; மூன்றாவதைத் துலக்கிப் பளபளப்பாகவே விட்டுவிடுக. மூன்றிலும் சம அளவு நீர் ஊற்றி, அட்டை மூடியில் துளையிட்டு வெப்பமானியைச் செருகி, ஒரே பலகைமீது வெயிலில் வைத்து, ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை குறிக்கச் செய்க. காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது. தொடங்குமுன் எல்லா வெப்பமானிகளையும் ஒரே பாத்திரத்து நீரில் வைத்து ஒப்பிடுவது இன்றியமையாதது. அவை தமக்குள் ஒரு டிகிரி வேறுபட்டால் அவ்வேறுபாட்டை நிறத்தின்மேல் ஏற்றிக் கூற நேரும். ஒரு டப்பாவின் நிழல் மற்றொன்றின்மீது விழுதலும் ஆகாது.

கரி பூசிய டப்பாவே முந்தி நிற்கும் என்பதில் வியப்பில்லை. பரிசோதனையின் இரண்டாம் பகுதியே கவனத்திற்குரியது. அதே டப்பாக்களில் ஏறத்தாழ 60 டிகிரி வெந்நீரை ஆசிரியரே ஊற்றி, காற்றோட்டமில்லாத நிழலில் ஆற விடுதல் வேண்டும். கறுப்பு விரைவாக ஆறும், வெள்ளை மெதுவாக ஆறும் என்றே பெரும்பாலோர் எதிர்பார்ப்பர். சில பாடப் புத்தகங்களும் அவ்வாறே எழுதிவிடுகின்றன. உண்மையில் கரி பூசியதும் சுண்ணாம்பு பூசியதும் ஏறக்குறைய ஒன்றாகவே ஆறும். பளபளப்பான தகரமே பின்தங்கும். சரியாக அளந்து இவ்விடையைக் கொண்டுவரும் மாணவனின் குறிப்பேட்டில் சிவப்புக் கோடு போடுவது பெரும் அநீதியாகும்.

ஸ்காத்லாந்து அறிஞர் ஜான் லெஸ்லி 1804-இலேயே இதனை வெளியிட்டார். வெந்நீர் நிரப்பிய கனசதுரப் பாத்திரத்தின் பக்கங்களுக்கு வெவ்வேறு பூச்சு அளித்து அவர் அளந்தபோது, புகைக்கரியின் கதிர்வீசலை 100 எனக் கொண்டால், வெள்ளைக் காகிதத்தினுடையது 98. தகரத்தினுடையது 12 மட்டுமே. சூரிய ஒளியின் கிரணங்கள் குறுகிய அலைகள். அவற்றைச் சுண்ணாம்பு பெரிதும் திருப்பிவிடுகின்றது. வெந்நீர் டப்பாவோ கண்ணுக்குப் புலனாகாத நெடிய அலைகளையே வீசுகின்றது. அவ்வலைகளைப் பொறுத்தமட்டில் சுண்ணாம்பும் கரியைப் போன்றதே. கண் காணும் வெண்மையை வைத்து எல்லா அலைகளுக்கும் தீர்ப்புக் கூற இயலாது.

கூரைகளுக்கு இது நேரே பொருந்துகின்றது. தகரக் கூரை கிரணங்களில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சிய வெப்பத்தைக் கதிர்வீசி எளிதில் விடாது. சுண்ணாம்பு பூசிய கூரை குறைவாக உறிஞ்சும். பெற்றதையும் தாராளமாக வெளிவிடும். ஆமதாபாத் நகரில் 2010 மே மாதம் வெப்பம் 46.8 டிகிரியை எட்டியது. அம்மாதத்தில் வழக்கத்திற்கு மேல் 1,344 மரணங்கள் நிகழ்ந்ததாகப் பின்னர் கணக்கிடப்பட்டது. அந்நகரம் 2013-இல் வெப்பச் செயல்திட்டம் வகுத்தது. 2017-இல் எளியோர் குடியிருப்புகளின் கூரைகளுக்கு வெள்ளை பூசும் பணியையும் மேற்கொண்டது.

சுண்ணாம்புப் பூச்சு மழையில் கரையும். அதன்மேல் புழுதியும் படியும். ஆகவே கோடை தொடங்குமுன் ஆண்டுதோறும் பூச வேண்டியுள்ளது. புதிதாகப் பூசிய டப்பாவையும், சென்ற ஆண்டு பூசி வெளியில் கிடந்த டப்பாவையும் அருகருகே வெயிலில் வைத்தால், புழுதி எத்தனை டிகிரியைக் கூட்டுகின்றது என்பதை மாணவர்களே அளந்து கூறிவிடுவர்.