கல்லில் 20 வயசு!

முதல் உலகப் போர் பாடத்தில் எந்த நாடு எந்தப் பக்கம், எப்போ ஆரம்பிச்சது, எப்போ முடிஞ்சதுன்னு எல்லாம் மனப்பாடம் பண்ணிட்டோம். ஆனால் அதில் செத்துப்போன ஒரு சாதாரண சிப்பாய் யார், என்ன வேலை பார்த்தார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நண்பர்களே, ஒருத்தரை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

பெல்ஜியம் நாட்டில் மோன்ஸ் நகருக்குப் பக்கத்தில் செயின்ட் சிம்போரியன் என்ற ராணுவக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அங்கே ஒரு கல்லில் ஜான் பார் என்ற பெயரும், இறந்த நாள் 21 ஆகஸ்ட் 1914, வயது 20 என்றும் வெட்டியிருக்கிறது. பிரிட்டன் போரில் இறங்கியது ஆகஸ்ட் 4-ம் தேதிதான். அந்தப் போரில் கொல்லப்பட்ட முதல் பிரிட்டிஷ் சிப்பாய் என்று இவரைத்தான் சொல்கிறார்கள்.

கல்லை மட்டும் படித்தால் கதை முடிஞ்சது. ஆனால் இவர் பிறந்தது 1897-ல். அப்படின்னா 1914-ல் 17 தானே வரும்? எங்கேயோ இடிக்குதே!

ஜானின் வீடு லண்டனில் ஃபிஞ்ச்லி என்ற பகுதியில் இருந்தது. அப்பா பால்காரர். பிள்ளைகள் பதினொரு பேர், அதில் பல பேர் சின்ன வயசிலேயே இறந்துவிட்டார்கள். ஜான் கறிக்கடையில் எடுபிடி வேலை பார்த்தார். பிறகு கோல்ஃப் மைதானத்தில் ஆடுபவர்களின் மட்டைப் பையைத் தூக்கினார். பட்டாளத்தில் சேர்ந்தால் வேளைக்குச் சாப்பாடு கிடைக்கும். அதனால் 1912-ல், 14 வயசில், "எனக்கு 18 வயசு ஒரு மாசம்" என்று சொல்லிச் சேர்ந்துவிட்டார். உயரம் 5 அடி 3 அங்குலம்தான்! 1912-ல் 18 என்றால் 1914-ல் 20. அன்னைக்குச் சொன்ன பொய் அப்படியே கல் வரைக்கும் போயிருக்கு.

சைக்கிளில் முன்னால் போய் எதிரி எங்கே இருக்கிறான் என்று பார்த்து வருவது அவருடைய வேலை. ஒபூர் கிராமத்துப் பக்கம் கூட்டாளி ஒருவரோடு போனார். தகவல் சொல்லக் கூட்டாளி திரும்பினார், ஜான் அங்கேயே நின்று சுட்டார் என்று நம்பப்படுகிறது. வீட்டுக்கோ தகவலே வரவில்லை. இரண்டு மாசம் கழித்து, அக்டோபரில், மகன் என்ன ஆனான் என்று கேட்டு அம்மாதான் ராணுவத்துக்குக் கடிதம் எழுதினார்.

இந்த அளவுக்காவது தெரிவதே அதிர்ஷ்டம். ஏன்னா 1940-ல் லண்டன் மேல் ஜெர்மானியர்கள் குண்டு போட்டபோது, முதல் உலகப் போர் சிப்பாய்களின் பணிப் பதிவுகளில் பாதிக்கு மேல் எரிந்துபோச்சு. பல பேருக்கு மெடல் கொடுத்த அட்டையும் கல்லறைப் பதிவும் மட்டும்தான் மிச்சம்.

இன்னொன்று. ஜானின் கல்லுக்கு நேர் எதிரே, சில அடி தூரத்தில் ஜார்ஜ் எலிசன் என்பவரின் கல் இருக்கிறது. முன்னாள் சுரங்கத் தொழிலாளி, வயது 40. 1918 நவம்பர் 11 காலை 11 மணிக்குப் போர் நின்றது. இவர் சுடப்பட்டது அன்று காலை 9.30-க்கு. அந்தப் போரில் சண்டையில் இறந்த கடைசி பிரிட்டிஷ் சிப்பாய் இவர்தான் என்கிறார்கள். ரெண்டு பேரையும் எதிரெதிரே வைக்கணும்னு யாரும் திட்டம் போடலை.