வெட்பாலை இலையும் தேன்மெழுகும்

வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் ஊறவைத்து வெயிலில் காட்டினால், சில நாள்களில் எண்ணெய் ஊதா நிறமாக மாறிவிடும். தோல் நோய்களுக்குச் சித்த மருத்துவம் பயன்படுத்தும் தைலம் இது. இதன் எடையில் நான்கில் ஒரு பங்கு தேன்மெழுகைச் சேர்த்து உருக்கி ஆறவிட்டால், தோலில் பூசும் களிம்பு கிடைக்கும். பொருள்கள் மூன்றே. ஆனால் செங்கல்பட்டில் நானே இதைச் செய்ய முற்பட்டபோது, எளிதாகக் கிடைத்தது செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் மட்டும்தான்.

தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். மாமல்லபுரக் கடற்கரை வெப்பத்தில் அது ஆண்டின் பெரும்பகுதி நீர்மமாகவே இருக்கும். 62 டிகிரிக்கு மேல் உருகும் தேன்மெழுகுதான் களிம்பை இறுகச் செய்கிறது. கடையில் தேன்மெழுகு என்று சொல்லி எனக்குக் கொடுக்கப்பட்டதோ பெட்ரோலியத்திலிருந்து எடுக்கப்படும் பாரஃபின் கட்டி. வெளுக்கப்பட்ட தேன்மெழுகும் உண்டு என்பதால் வெண்மையை மட்டும் வைத்து முடிவுசெய்ய இயலாது. தேனின் மணம் சிறிதும் இல்லாததே என்னை ஐயுற வைத்தது.

அசல் மெழுகும் இலையும் கடைசியில் இருளர் குடியிருப்பு ஒன்றில்தான் கிடைத்தன. தேன் பிழிந்த அடையை நீரில் காய்ச்சித் துணியில் வடிகட்டினால், ஆறியபின் மெழுகு மேலே மிதந்து கட்டியாகும். அதைக் கொடுத்த அம்மையார், நான் பறித்துவந்திருந்த இலையைப் பார்த்ததுமே, “இது குடசப்பாலை” என்று ஒதுக்கினார். இரண்டு மரங்களிலும் வெண்ணிறப் பூ, இரட்டைக் காய், பால் வடியும் கிளை. வெட்பாலையின் காய்கள் மட்டும் நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கும். இலையில் இரும்பு படக் கூடாது, கையால் கிள்ளிப் போட வேண்டும் என்றும் சொன்னார். இலையில் ஈரம் இருந்தால் எண்ணெய் கெடும் என்பதை ஒருமுறை கெடுத்தபின் நானே கற்றுக்கொண்டேன்.

இந்த அறிவை வாழ்வாதாரமாக்கும் முயற்சி இப்பகுதிக்குப் புதிதன்று. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் பாம்புத்தோல் வணிகம் நின்றுபோகவே, 1978-இல் வடநெம்மேலியில் நஞ்செடுக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. 1986-இல் தொடங்கப்பட்ட இருளர் பழங்குடி மகளிர் நலச் சங்கம், தண்டரையில் மூலிகைகளை வளர்த்து மருந்து செய்யும் வழியை அமைத்தது. முன்னது உலகறிந்தது, பின்னதைச் செங்கல்பட்டுக்காரர்களிலேயே பலர் அறியார்.

தேன், மெழுகு, மூலிகை ஆகிய மூன்றையும் சிறு வன மகசூல் என்று 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. மரபாகச் சேகரிப்போருக்கு அவற்றின் மீது உடைமையும் விற்கும் உரிமையும் தருகிறது. ஆனால் வெட்பாலை வளரும் புதர்க்காடு முழுவதும் வனத்துறையின் எல்லைக்குள் இல்லை. தரிசு என்று பதிவேட்டில் எழுதப்பட்ட நிலத்தில் இன்று மனைக்கற்கள் நடப்படுகின்றன. அங்கே அந்த உரிமையை யாரிடம் போய்க் கேட்பது?

விற்பனையிலும் இதே நிலைதான். அழகுப்பொருளாக விற்க 2020-ஆம் ஆண்டின் விதிகளின்படி உற்பத்தி உரிமம் வேண்டும். நோய் தீர்க்கும் என்று எழுதினால் சித்த மருந்துக்கான உரிமம் வேண்டும். நுகர்வோர் பாதுகாப்புக்கு இவை தேவைதான், நான் மறுக்கவில்லை. உரிமம் பெறும் வசதியுள்ள நிறுவனங்கள் புட்டியின் மேல் ‘இயற்கை’ என்று அச்சிடுகின்றன. இலையை இனங்கண்டு பறித்தவருக்கு என்ன கூலி கொடுத்தார்கள் என்பதை நான் வாங்கிப் பார்த்த எந்தப் புட்டியும் சொல்லவில்லை. அடுத்த முறை வாங்கும்போது கடைக்காரரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். நான் கேட்டபோது, காலாவதித் தேதியைக் காட்டினார்.