கம்பியும் கணக்கும்

தொலைபேசி நிறுவனத்தின் கம்பிகளும் கோபுரங்களும் எல்லோர் கண்ணிலும் படுபவை. எந்தக் கம்பி எந்த வீட்டுக்குச் செல்கிறது, எந்த முனை காலியாக உள்ளது என்னும் கணக்கு அவ்வாறு தென்படுவதில்லை. அக்கணக்கைப் பேணி, புதிய இணைப்புக்குப் பணியாணை எழுதி, பழுதை இடங்கண்டு சொல்லும் கணினித் தொகுதிகளே இயக்க ஆதரவு அமைப்புகள். தொழிலில் இருப்போர் இவற்றை ஓஎஸ்எஸ் என்பர்.

முன்பு அட்டைகளிலும் பேரேடுகளிலும் நடந்த இவ்வேலை, 1970களில் அமெரிக்காவின் பெல் தொலைபேசிக் குழுமத்தில் கணினிக்கு மாறத் தொடங்கியது. அங்கு உருவான காஸ்மாஸ் என்னும் அமைப்பு தீர்க்க முனைந்த சிக்கல், கேட்பதற்கு அற்பமானது. தொலைபேசி நிலையத்தில் தெருக் கேபிள்கள் ஒருபுறமும் இணைப்பகக் கருவியின் முனைகள் மறுபுறமும் வந்து சேரும் இரும்புச் சட்டகத்தில், ஒவ்வொரு சந்தாதாரருக்கும் இரு புறத்தையும் ஜம்பர் எனப்படும் மெல்லிய கம்பி இணைக்கிறது. காலியிருந்த முனையை எழுத்தர்கள் தூரம் பாராமல் ஒதுக்கியதால் ஜம்பர்கள் சட்டகத்தின் நெடுகிலும் ஓடி, ஆண்டுகள் செல்லச் செல்ல, பயனற்ற கம்பியைக்கூட உருவ முடியாத அளவுக்குக் குவிந்தன. அருகருகே உள்ள முனைகளைத் தேர்ந்து கம்பியின் நீளத்தைக் குறைப்பதே காஸ்மாஸின் முக்கியப் பணிகளுள் ஒன்று. ஆய்வகக் குழந்தையாகவே பலர் அறிந்த யூனிக்ஸ் இயங்குதளம், தொடக்கக் காலத்தில் பிழைப்புத் தேடிக்கொண்டதும் இத்தகைய பணிகளில்தான்.

1984 ஜனவரி 1 அன்று பெல் குழுமம் பிரிக்கப்பட்டதோடு, வலையமைப்பு முழுவதும் ஒரே குழுமத்தின் கையில் இருந்த நிலை மாறியது. பிற்காலத்தில் பல உற்பத்தியாளர்களின் கருவிகள் ஒரே வலையமைப்பில் கலந்தபோது, பழுது, அமைவு, கணக்கு, செயல்திறன், பாதுகாப்பு என மேலாண்மையைப் பகுக்கும் பன்னாட்டுத் தரநிலைகள் தேவைப்பட்டன. இவற்றுள் பழுதறிதலே மிக நுட்பமானது. ஓர் ஒளியிழைக் கேபிள் அறுந்தால் அதை நம்பியிருக்கும் கருவிகள் அனைத்தும் ஒருசேர எச்சரிக்கை எழுப்பும்; அக்கருவிகள் எந்தக் கேபிளைப் பகிர்கின்றன என்னும் பதிவைப் பார்த்துத்தான் மென்பொருள் அத்தனை கூச்சலையும் ஒரே காரணத்துக்குள் ஒடுக்குகிறது. பதிவு பிழையானால் பழுதுபார்ப்போர் தவறான இடத்தைத் தோண்ட நேரும்.

நள்ளிரவில் அவசரமாக மாற்றப்பட்ட இணைப்பு பதிவேறாமல் போவது இத்துறையின் பழைய நோய். ஆகவே இன்றைய அமைப்புகள் கருவிகளையே நேரடியாக வினவிப் பதிவைத் திருத்திக்கொள்கின்றன. ஆயினும் மின்சாரமோ முகவரியோ இல்லாத ஜம்பரும் ஒளியிழை ஒட்டும் வினவினால் விடை சொல்வதில்லை. அவற்றின் கணக்கை இன்றும் பெரும்பாலும் மனிதக் கைதான் எழுதுகிறது.