மருத்துவப் பணிக்குப் பல கதவுகள்



ஒவ்வோர் ஆண்டும் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்தவுடன் நம் இல்லங்களில் எழும் கேள்வி, 'எந்த குரூப் எடுப்பது?' என்பதாகும். பக்கத்து வீட்டுப் பிள்ளை எடுத்த குரூப், தோழி எடுத்த குரூப் என்று ஒரே நாளில் முடிவு செய்துவிடுகிறோம். ஆனால் மருத்துவத் துறையில் பணியாற்ற விரும்பும் பிள்ளைக்கு அந்த ஒரு நாளில் சில கதவுகள் திறக்கின்றன, சில கதவுகள் மூடிவிடுகின்றன.

கீழப்பாவூர், பாவூர்சத்திரம் சுற்றுவட்டாரத்தில் பீடி சுற்றியும் தோட்டத்தில் உழைத்தும் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோர் பலர். தங்கள் பிள்ளை டாக்டராக வேண்டும் என்பது அவர்களது கனவு. நல்ல கனவுதான். ஆனால் நீட் தேர்வில் இடம் கிடைக்காவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்று பிள்ளை நினைப்பது சரியா? மருத்துவப் பணி என்றால் டாக்டர் மட்டும்தானா?

நல்ல சமாரியர் உவமையைச் சிந்திப்போம். சமாரியர் காயத்தைக் கட்டினார், தம் விலங்கின் மேல் ஏற்றிச் சென்றார், செலவை ஏற்றுக்கொண்டார். சாவடிப் பொறுப்பாளரோ தொடர்ந்து கவனித்துக்கொள்ளும் பொறுப்பைப் பெற்றார். ஒருவர் பிழைக்கப் பல கைகள் தேவைப்பட்டன.

வேலூரில் பணியாற்றிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் இதை நன்கு உணர்ந்திருந்தார். அவர் 1909-இல் செவிலியர் பயிற்சியைத் தொடங்கினார். பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை 1918-இல்தான் தொடங்கினார். டாக்டர்களை உருவாக்குவதற்கு 9 ஆண்டுகள் முன்னரே செவிலியரை உருவாக்கினார் என்பது நாம் கவனிக்க வேண்டிய உண்மை. அங்கேயே 1946-இல் செவிலியர் பட்டப் படிப்பும் தொடங்கியது.

இனி, பெற்றோர் அறிந்துகொள்ள வேண்டியவற்றைப் பார்ப்போம்.

1. குரூப் தேர்வு: பி.எஸ்சி. நர்சிங் படிக்க பிளஸ் 2-வில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்கள் தேவை. கணக்குக்கு அஞ்சும் பிள்ளைகள் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் உள்ள குரூப்பை எடுக்கலாம். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பில் கணக்கோடு இயற்பியலும் வேதியியலும் படித்தவருக்கு பி.பார்ம். கதவு திறந்தே இருக்கிறது. தமிழக மேல்நிலைப் பள்ளிகளில் தொழிற்கல்விப் பிரிவில் செவிலியமே ஒரு பாடமாக உண்டு. அது எல்லாப் பள்ளிகளிலும் இல்லை. எனவே அருகில் எந்தப் பள்ளியில் இருக்கிறது என்று முன்னதாகவே விசாரிக்க வேண்டும்.

2. படிப்புகள்: பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டுகள். செவிலியர் டிப்ளமோ 3 ஆண்டுகள். இவை தவிர இரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, டயாலிசிஸ், பிசியோதெரபி, மருந்தாளுநர் என்று பல துறைகள் உள்ளன. தமிழகத்தில் நர்சிங் போன்ற பட்டப் படிப்புகளுக்குப் பல ஆண்டுகளாக பிளஸ் 2 மதிப்பெண் அடிப்படையில்தான் சேர்க்கை நடந்துவந்திருக்கிறது.

3. உள்ஒதுக்கீடு: 2020-ஆம் ஆண்டுத் தமிழகச் சட்டம், அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து நீட் தேர்வில் தகுதி பெற்றவருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடம் தந்தது. சட்டம் இயற்றப்பட்டபோது அரசு உதவி பெறும் பள்ளிகள் அதில் சேர்க்கப்படவில்லை. நம் பிள்ளைகளில் பலர் படிப்பது உதவி பெறும் பள்ளிகளில் என்பதால் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

4. எச்சரிக்கை: 'சேர்ந்தவுடன் வேலை உறுதி' என்ற போஸ்டரை நம்பி, நகையை அடகு வைத்துப் பணம் கட்டும் குடும்பங்கள் உண்டு. அங்கீகாரம் இல்லாத சான்றிதழைக் கொண்டு செவிலியராகப் பதிவு செய்ய முடியாது. ஆண்டுகளும் பணமும் போனபின் அழுது என்ன பயன்? நர்சிங் என்றால் இந்திய நர்சிங் கவுன்சில், தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் உண்டா, பட்டப் படிப்பு என்றால் எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது என்று பணம் கட்டுமுன் கேளுங்கள். லேப், எக்ஸ்ரே, பிசியோதெரபி போன்ற துறைகளை ஒழுங்குபடுத்தவும் 2021-இல் மத்திய அரசு தனிச் சட்டம் இயற்றியது.

அன்பர்களே! மதிப்பெண் மட்டும் போதுமா? வாந்தியைத் துடைக்கவும், புண்ணைக் கழுவவும், முதியவரின் கோபத்தைப் பொறுக்கவும் மனம் வேண்டும். இரவுப் பணியைத் தாங்கும் உடலும் வேண்டும். இந்த மனம் இருக்கிறதா என்று கண்டறியும் வாய்ப்பை நாம் தர வேண்டும். வீட்டில் பாட்டிக்கு நேரம் பார்த்து மருந்து கொடுக்கும் பொறுப்பைப் பிள்ளையிடம் விடலாம். முதல் வெள்ளியன்று நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு செல்லும்போது வளரிளம் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லலாம். ஆண் பிள்ளைகளையும்தான், செவிலியர் பணி பெண்களுக்கு மட்டும் உரியது அன்று.

பங்குகளிலும் ஒன்று செய்யலாம். பிப்ரவரி 11-ஆம் நாள் உலக நோயாளர் தினம். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஏற்படுத்த, 1993 முதல் திருச்சபை கொண்டாடுகிறது. அது பொதுத் தேர்வுகள் நெருங்கும் காலம். அன்று நம் அன்பியங்களில் உள்ள செவிலியர், லேப் டெக்னீசியன், மருந்தாளுநர் ஆகியோரை அழைத்து, ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு பேச வைப்போம். பெற்றோரும் கூட வரட்டும். என்ன படித்தார்கள், எவ்வளவு செலவானது, வேலையில் எது கடினம் என்று அவர்களே சொல்லட்டும்.

டாக்டர் சீட் கிடைக்காத பிள்ளை தோற்றுப்போன பிள்ளை அல்ல. நோயுற்றோரின் அருகில் நிற்க ஆண்டவர் பலரைப் பல விதமாக அழைக்கிறார். அந்த அழைப்பைப் பத்தாம் வகுப்பிலேயே நம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வோம். இறைவன் அவர்களை ஆசீர்வதிப்பாராக!